மாசி மாதத்துக் கடல்

எண்பத்து மூன்றாம் வருடம் மாரண்டஹள்ளியிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனோம். மாதாவைப் பார்ப்பதோடு, கடலில் ஒரு மீனாவது பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஏரியில் போடும் தூண்டிலையும், தக்காளிப் பாத்தியில் தோண்டிய மண்புழுவையும் பையில் வைத்திருந்தேன்.

கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அந்தோணி என்பவர் புழுவைப் பார்த்துச் சிரித்தார்.

"கடல் மீனுக்கு ஏரிச் சாப்பாடா? எந்த ஊருங்க?" என்று கேட்டுத் தன் இறாலைக் கொடுத்தார்.

தூண்டில் நரம்பை விரலில் பிடித்து நின்றேன். அலை இழுப்பது வேறு, மீன் இழுப்பது வேறு என்று விரல்தான் முதலில் கண்டுகொண்டது. சட்டென்று இழுத்தேன். சின்னக் கிழங்கான் மீன் ஒன்று வந்ததும் துள்ளிக் குதித்தேன்.

"இதுக்கே இந்தக் குதியா? மாசியில வாங்க. தண்ணி தெளிஞ்சு கெடக்கும், சாண் நீளத்துக்கு வரும். ஐப்பசியில மட்டும் வந்துடாதீங்க, கடல் ஆளையே இழுத்துரும்."

"மாசி பொறந்ததும் வந்தர்றேங்க" என்றேன்.

மாசியில் எங்கள் பக்கம் புளியம்பழம் உலுக்குவார்கள்; நானும் மரம் ஏற வேண்டும். போக முடியாது என்று அப்போதே தெரியும். முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாதென்று, வருவதாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த திருவிழாவில் அவரைத் தேடிப் போனேன்.

"என்னங்க, வரலையே? மாசி பூரா உங்களுக்குன்னு இன்னொரு தூண்டிலும் தூக்கிட்டு வந்தேன். யாருக்குய்யா அதுன்னு எம் பொஞ்சாதி ஒரே கேலி" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகும் எந்த மாசிக்கும் நான் போகவில்லை. மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கும்போது மனசு அங்கேதான் நிற்கிறது. வீட்டில் கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவே இல்லை.