மார்கழி கழியட்டும் என்றார்கள்

வரதராஜா மெல்பேர்னுக்கு வந்தது எழுபத்தைந்தில். ஆஸ்திரேலிய அரசாங்கம் இலங்கைக்குச் செய்த உதவியில், தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்தப் பழக வந்தவன். நானும் என் தம்பியும் இருந்த வீட்டில் ஓர் அறையில் இருந்தான். திருநீறு பூசாமல் ஒருநாளும் பட்டறைக்குப் போகமாட்டான்.

அவனுடைய மகள் வைதேகிக்கு நான்கு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. பயிற்சிக்கு வந்தவன் குடும்பத்தைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது; பிள்ளை வந்தால் இங்கே ஒப்பரேசன் செய்து சுகப்படுத்தலாம் என்று மெல்பேர்ன் டொக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். விசா கிடைத்தபோது மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில பிள்ளையோட பயணம் வெளிக்கிடக் கூடாதாம் அக்கா. தை பிறக்கட்டும் எண்டு மாமனார் ஒற்றைக்காலில நிக்கிறார்."

"நீ என்ன சொன்னனீ?"

"நானும் ஓம் எண்டிட்டன். சாமி காரியமெல்லே."

நான் சின்னக் கட்டில் ஒன்றை இரவல் வாங்கி அவன் அறையில் போட்டேன். "ஆள் இன்னும் பிளேன் ஏறேல்லை, அதுக்குள்ள கட்டில் வந்திட்டுது" என்று சிரித்தான்.

தைக்கு முன்னமே இரண்டு நாட்டு அரசாங்க அதிகாரிகளும் பட்டறைக்கு வந்தார்கள். கொடுக்கிற உதவி அந்த நாட்டைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறதா என்று சேர்ந்து பார்க்கிறார்களாம். இந்த வேலையை ஊரில் மற்றவர்களுக்குப் பழக்குவாயா என்று அவனிடம் கேட்டார்கள். பழக்குவேன் என்றான். குசினியில் அடுப்பருகே நின்று அதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பொங்கல் கழிந்த கையோடு முடிவு வந்தது. இனி ஆட்களை இங்கே வைத்துப் பழக்குவதில்லை. பழகியவர்கள் திரும்பிப்போய் அங்கே பழக்கட்டும். அவனுடைய மிச்சப் பயிற்சி நின்றது. அதோடு குடும்பத்தின் விசாவும் போயிற்று.

"நியாயம்தானே அக்கா. எத்தனை நாளைக்குக் கையேந்துறது?" என்றான். பிறகு, "பழக்கத் தெரியாது எண்டு அவையளிட்டச் சொல்லியிருந்தா பிள்ளை வந்திருப்பாள், என்ன?" என்று கேட்டான்.

முருகா என்று சொல்லிக்கொண்டு சோற்றைப் போட்டேன். அவன் கை வைக்கவில்லை. அந்தக் கிழமையே ஊருக்குப் போய்விட்டான்.

அடுத்த மார்கழியில் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி சிறி இங்கே படிக்க வந்தான். "வரதண்ணை பழக்கின பெடியள் இப்ப வெள்ளைக்காரன் இல்லாமலே மெசினைக் கழட்டிப் பூட்டுறாங்கள்" என்று பெருமையாகச் சொன்னான்.

"வைதேகி?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "ஆவணியில போயிட்டாள், அக்கா."

சின்னக் கட்டில் அதுவரை அந்த அறையிலேதான் கிடந்தது. தந்தவர்களிடம் கொண்டுபோகத் தம்பி அதைக் காரில் ஏற்றினான். நான் சாமியறைக்குப் போய் விளக்கேற்றினேன். என்ன கேட்டுக் கும்பிடுவதென்று தெரியவில்லை.