பாப்பம்மாளுக்கு எழுதிய சீட்டு

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது 1927 மார்ச் 10, வியாழக்கிழமை. ஊர் லண்டன். நேரம் பகல் மூன்று மணி பத்து நிமிடம். பகல் என்பதைக் கவனியுங்கள். தூக்கக் கலக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. நான் ரங்கூன் சர்வகலாசாலையில் பி.ஏ. தேறியவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அந்தக் கை செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லண்டனுக்கு ஆயாவாகத்தான் போனேன். வேறு எப்படிப் போவது? மரக் கம்பெனி துரையின் மனைவி மிசஸ் ஈவ்லின் ஹார்கிரேவ் இரண்டு குழந்தைகளோடு தன் ஊருக்குப் போகிறாள், கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், போகவர டிக்கெட் அவள் பொறுப்பு என்றார்கள். நான் படித்த புத்தகமெல்லாம் அந்த ஊரைப் பற்றித்தான். அது உண்மையிலேயே அத்தனை பெரிசா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது.

மார்ச்சில் அங்கே வசந்தம் பிறக்கும் என்று எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் மரத்தில் ஓர் இலை இல்லை. பார்க்கில் மஞ்சள் பூக்கள் மட்டும் ஈரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. கரிப்புகையும் மூடுபனியும் கலந்து, மத்தியானமே தெருவிளக்கு ஏற்றினார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே வரும். நின்றுகொண்டு வருவார்கள், உட்கார மாட்டார்கள். இதற்குத்தானா இத்தனை பாட்டு மனப்பாடம் செய்தோம் என்று எரிச்சலாக வந்தது.

திரும்பும் கப்பல் மார்ச் 12, சனிக்கிழமை. ரங்கூன் தாமுவேயில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு உபாத்தியாயினி வேலை சொல்லியிருந்தார்கள். ஏப்ரல் இருபதுக்குள் நேரில் போய் நிற்காவிட்டால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கப்பலை விட்டால் அந்தத் தேதிக்குள் ரங்கூன் போய்ச் சேர வழியில்லை. டிக்கெட் துரைசாணியின் மேசைக்குள், பூட்டி இருந்தது. செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டேன்.

“பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இன்னும் ஆறு மாதம் இரேன்” என்றாள்.

“எனக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.”

“இதுவும் வேலைதானே, ஆயா.”

“நான் பி.ஏ. படித்தவள்.”

“அப்படியா, இன்னும் வசதி. பிள்ளைகளுக்கு எழுத்தும் நீயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.”

சொல்லிவிட்டுத் தபால் உறையைக் கிழித்துப் படிக்கத் தொடங்கினாள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு நான் அங்கே இல்லை.

அந்த வீடு நான்கு மாடி. கைக்குழந்தையிலிருந்து அவள் வளர்ந்த வீடு, தாயாரிடமிருந்து வந்தது. உச்சியில் குழந்தைகள் அறை. அங்கேதான் எனக்கும் படுக்கை. வேலைக்காரர்கள் ஏறி இறங்கப் பின்பக்கம் செங்குத்தாக ஒரு மரப்படி. அறை மூலையில் ஒரு பழைய மரத்தொட்டில் கிடந்தது. துரைசாணி சிசுவாக இருந்தபோது கிடந்த தொட்டிலாம். ஞாபகத்துக்காக வைத்திருந்தார்கள். உள்ளே பழங்கம்பளியும் தூசியும்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சமையல்காரிக்கு ஓய்வு. இரண்டு மணிக்குத் துரைசாணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் சித்தி வீட்டுக்குப் போனாள். வீட்டில் நான் மட்டும். சமையலறைப் பின்கதவை நானே உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். மேலே வந்து துணி மடித்தேன். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பனி. எதிர்வீடு தெரியவில்லை. கணப்பில் நெருப்பு இல்லை. மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகையாக நின்றது.

கீழே கூடத்துக் கடிகாரம் மூன்று அடித்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு பின்படியில்...

தப்... தப்... தப்...

காலடி. செருப்புக் கால் இல்லை. வெறுங்கால். அந்த ஊரில் பிச்சைக்காரன்கூட வெறுங்காலோடு நடக்க மாட்டான்.

மேசை மேல் சின்னக் கடிகாரம். மூன்று பத்து.

வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கருத்த, ஒடிசலான உடம்பு. நூல் சேலை. மேலே ஒரு கம்பளித் துண்டுகூட இல்லை.

“ரங்கூன் பொண்ணா?” என்றாள்.

தமிழ்... அந்த ஊருக்கு வந்தபின் யாரும் என்னிடம் தமிழ் பேசவில்லை. சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டு ஆயா, சமையலறை வழியாக வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தாழ்ப்பாள் போட்டது ஞாபகத்துக்கே வரவில்லை.

“ஆமாக்கா. நீங்க?”

“நானும் ரங்கூன்தான், லான்மடாவு. பாப்பம்மாள்னு பேரு. ஆத்தங்கரைப் பக்கந்தான் வீடு. ட்ராம் இன்னும் பொகை கக்கிக்கிட்டுத்தான் போவுதா?”

“பொகையா? கரண்ட்டு ட்ராம்க்கா.”

“கரண்ட்டு...” என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை. ரங்கூனில் நீராவி ட்ராமை எடுத்துவிட்டு மின்சார ட்ராம் விட்டபோது நான் தவழும் பிள்ளை.

தரையில் உட்கார்ந்தாள், தொட்டிலுக்குப் பக்கத்தில். நாற்காலியைக் காட்டினேன், பார்க்கவே இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை.

“மெதுவாப் பேசு. பாப்பா தூங்குது.”

தொட்டிலைப் பார்த்தேன். கம்பளி. தூசி.

பாவம், தனிமையில் புத்தி கொஞ்சம் பேதலித்திருக்கிறது என்று நினைத்தேன். பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“நீங்க வந்து எத்தனை வருஷமாச்சு?”

“பல்லு மொளைக்கட்டும், அனுப்பறேன்னாங்க. அப்பறம் நடக்கட்டும்னாங்க. அப்பறம் பேசட்டும்னாங்க...” நிறுத்தினாள். “நீ எழுதுவியா?”

“எழுதுவேன்.”

“அப்ப ஒரு சீட்டு எழுதிக் குடு, தாயி. சீட்டு இல்லாமப் போனா ஓடிப்போனவன்னு பேராயிரும்.”

அந்தச் சீட்டு எனக்குத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து அப்பாவின் கூட்டத்து ஆட்களுக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். துறைமுகத்தில் ஒருவன் ஊருக்குப் போகவேண்டுமானால் மேஸ்திரியிடம் மூன்று வரிச் சீட்டு நீட்ட வேண்டும். இன்னார் போகிறார். இன்ன தேதி முதல். பதிலி இன்னார். பதிலி என்றால் அவன் இடத்தில் நின்று மூட்டை தூக்கப்போகிறவன். அந்த மூன்றாவது வரி இல்லாவிட்டால் மேஸ்திரி சீட்டைக் கிழித்து முகத்தில் எறிவார். பதிலி சம்மதித்தானா என்று எந்த மேஸ்திரியும் கேட்டதில்லை. பெயர் இருந்தால் போதும்.

காகிதம் எடுத்தேன். தமிழிலேயே எழுதினேன். பாப்பம்மாள் ஊருக்குப் போகிறார். 1927 மார்ச் 10 முதல். பழக்கத்தில் கை தானாக மூன்றாவது வரிக்கு இறங்கியது. ‘பதிலி’ என்று எழுதி நின்றது.

“பதிலி யாரு?” என்றாள்.

பேனாவை மறுபடி மையில் தொட்டேன்.

“ஆளு வைக்காம எப்படி விடுவாங்க? பாப்பாவ யாரு பாக்கறது?”

நிமிர்ந்து பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம் பேசியிருக்கிறாள்... அவள் வாயிலிருந்து ஒரு பொட்டுப் புகை வரவில்லை. என் வாயிலிருந்து மட்டும்தான்.

“உம் பேரு என்ன, தாயி?”

பேனா காகிதத்தில் இருந்தது.

என் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது.

அந்த நொடியில் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. தபால் உறை கிழிந்த சத்தம். நான் நின்றது. அவள் படித்தது.

ஈவ்லின் ஹார்கிரேவ் என்று அழுத்தி எழுதினேன்.

“ஈவ்லின் பாத்துக்கட்டும். அவ வீடு, அவ பிள்ளைங்க.”

பாப்பம்மாள் மெல்லத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“பாப்பாவா...?” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

துரைசாணிக்கு வயது இருபத்தொன்பது.

பாப்பம்மாள் சீட்டை வாங்கினாள். அவள் விரல் என் விரலில் படவில்லை. பட வேண்டிய இடத்தில் குளிர்தான் பட்டது.

நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

வாசலைத் தாண்டினாள்.

காது கொடுத்துக் கேட்டேன்.

இறங்கும் காலடி கேட்கவில்லை.

படி வரை ஓடினேன். யாரும் இல்லை. கீழே போய்ப் பார்த்தேன்... தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

மூன்று முப்பத்தைந்து.

மேலே போக மனம் வரவில்லை. கூடத்தில் முன்கதவைப் பார்த்தபடி நின்றேன். விளக்கெல்லாம் ஏற்றினேன். நான்கு அடித்தது. ஐந்து அடித்தது.

ஐந்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் முன்னால் ஓடி வந்தார்கள்.

துரைசாணி வரவில்லை.

பெரியவனைக் கேட்டேன்.

“அம்மா பின்பக்கம் போனாள்.”

சமையலறைக் கதவைத் தட்டும் சத்தம். மெதுவாக. வேலைக்காரி தட்டுவது போல.

போய்த் திறந்தேன்.

நின்றுகொண்டிருந்தாள். தொப்பி இருந்தது, கையுறை இருந்தது. சப்பாத்து இரண்டும் கையில் இருந்தன. ஈரக் கல்லில் வெறுங்கால்... வெள்ளையாக.

உள்ளே வந்தாள். மேசையைத் திறந்து டிக்கெட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“சனிக்கிழமை நீ புறப்படலாம். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்... செல்லக்கண்ணு.”

என்னை அவள் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ண’ வராத நாக்கு ‘ண்ணு’வைப் பிசகாமல் சொன்னது.

பின்படியில் ஏறினாள்.

தப்... தப்... தப்...

நான் அன்றிரவும் மறுநாளும் கூடத்தில்தான் படுத்தேன். சனிக்கிழமை காலை கப்பல் ஏறினேன். எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏப்ரல் பதினான்காம் தேதி தாமுவே பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். வேலை கிடைத்தது.

அதன்பிறகு துரை விடுமுறையில் ஊர் போனபோது ரங்கூனிலிருந்து புது ஆயா ஒருத்தியைக் கூட்டிப் போனார் என்று கேள்விப்பட்டேன். பெயர் அம்சவேணி. அவள் டிசம்பரில் திரும்பி வந்துவிட்டாள். போன வாரம் லான்மடாவ் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவளை நானே தேடிப் போய்ப் பிடித்தேன்.

“அந்த வீட்டுல முன்ன பாப்பம்மாள்னு ஒரு ஆயா இருந்தாங்களா?”

“இருந்தாங்களாம். சமையக்காரி சொன்னா. துரைசாணி கைப்பிள்ளையா இருக்கச்சொல்ல இங்கேர்ந்து கொண்டு போனாங்களாம். ஊருக்கு விடு விடுன்னு நாலு வருசம் கேட்டுச்சாம் அந்த அம்மா. அந்த மேலறைலயே மாரு சளி கட்டிச் செத்துப்போச்சு. இருபத்தஞ்சு வருசமாச்சு.”

“துரைசாணி?”

“அவங்களுக்கென்ன, உசுரோடதான் இருக்காங்க.”

மூச்சு வந்தது எனக்கு. ஆனால் அம்சவேணி முடிக்கவில்லை. மீன்காரி காதில் விழாதபடி கொஞ்சம் தள்ளி வந்தாள்.

“நாக்காலில ஒக்காரறதில்லக்கா. முன்படில எறங்கறதில்ல. தொட்டிலுக்குக் கீழ வெறுந்தரைல படுக்கறாங்க. பிள்ளைங்களத் தொரை எங்கியோ பள்ளிக்கூடத்துல தங்க வச்சுட்டாரு. இவங்க அசையல, வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு இருக்காங்க. டாக்டர் வரான், போறான். தெனம் காலைல தொரை முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னு ஒண்ணு கேப்பாங்க. அவருக்கு எங்க புரியும்... எனக்குத்தான் குலை நடுங்கும்.”

“என்ன கேப்பாங்க?”

“‘பதிலி வந்தாச்சா?’ன்னு. தமிழ்ல.”

சந்தை இரைச்சல் எனக்குக் கேட்கவில்லை.

“அப்பறம் ராவெல்லாம் எழுத்துப் பழகறாங்க. ஒரே காயிதம். மேல ரெண்டு வரி முடிஞ்சிருச்சு. மூணாவது வரிதான் வரல. எழுதறது, அடிக்கிறது, எழுதறது... எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தெனம் பாத்து அந்த ரூபம் மனசுல நின்னுபோச்சு.”

குனிந்து, ஈர மண்ணில் விரலால் வரைந்தாள்.

செ...

ல்...

ல...

நிமிர்ந்தாள்.

“நான் கப்பல் ஏறச்சொல்ல இவ்வளவுதான் ஆகியிருந்துச்சு.”

அவள் கப்பல் ஏறியது நவம்பரில். இதை எழுதும் இன்றைக்கு 1928 ஜனவரி 19.