ஃபரீதா எழுதிய ஒரு பக்கம்

மேல்வீட்டு திவ்யா போன வாரம் ஒரு சாயங்காலம் வந்து கதவைத் தட்டினாள். பி.எட். முடித்திருக்கிறாள், பள்ளிக்கூடங்களுக்கு விண்ணப்பம் போடுகிறாள். "அக்கா, ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க்கா" என்று தாள்களை நீட்டினாள். எங்கள் திருச்சி கே.கே. நகர் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து நேராக வந்திருப்பாள் போல. தாள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. 'நான் ஏன் ஆசிரியராக விரும்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கமா கூடத் தப்பில்லை.

"நீயே எழுதினியா?"

"ஃபோன்ட்ட கேட்டேங்க்கா. டக்குனு எழுதிக் குடுத்துருச்சு."

சொல்லும்போது அந்தப் பெண் முகத்தில் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை. குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது என்கிற மாதிரி சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? இதே ஒரு பக்கத்துக்காக ஒரு கோடைகாலம் முழுவதும் பேனாவைக் கடித்தவள் நான். "நல்லா இருக்குடா" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஆனால் சூடான ஜெராக்ஸ் தாளுக்கென்று ஒரு வாசனை உண்டில்லையா, லேசாகக் கருகின மாதிரி, அது கையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

அந்த வாசனை வந்தால் எனக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும். அங்கே ஒரு சந்தில், கடலை வறுக்கிற கடைக்கு அடுத்தாற்போல் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக நானும் ஃபரீதாவும் உட்கார்ந்து திருச்சியில் உள்ள அத்தனை மெட்ரிக் பள்ளிகளுக்கும் விண்ணப்பம் அடித்திருக்கிறோம்.

ஃபரீதா என்னோடு பி.எட். படித்தவள். என்னைப் போலவே கணிதம். வீடு பாலக்கரைப் பக்கம், அவள் அத்தா அங்கே தோல் செருப்புக் கடை வைத்திருந்தார். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் என்னைக் கான்வென்ட்டில் படிக்கவைத்தார்கள், ஆகையால் என் ஆங்கிலம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். அவள் தமிழ்வழியில் படித்தவள். அவள் ஆங்கிலம் எப்போதும் எதையாவது தேடிக்கொண்டே நடந்துவரும். அந்த ஒரு விஷயத்தில் நான் அவளுக்கு மேல் என்ற நிம்மதியில்தான் எங்கள் சிநேகிதம் நன்றாக வளர்ந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மே மாதம் முழுக்கப் போட்டோம், ஒரு பள்ளியும் கூப்பிடவில்லை. ஜூனில் பள்ளிகள் திறந்தபிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு பள்ளி. கணித டீச்சர் திடீரென்று நின்றுவிட்டார், உடனே ஆள் வேண்டும், ஒரே ஒரு இடம். விண்ணப்பத்தோடு, ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று சொந்தக் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்.

நான் எழுதினேன். கல்வி ஒரு விளக்கு, ஆசிரியர் ஒரு தோட்டக்காரர், மாணவர்கள் மொட்டுகள். விளக்கும் தோட்டமும் ஒரே பக்கத்தில் எப்படி வந்தன என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது அது மிக அழகாகத் தெரிந்தது. சத்திரம் கடையில் ஃபரீதா தன்னுடையதை எடுத்து நீட்டினாள்.

"இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடு புள்ள. ஸ்பெல்லிங்ல மானம் போயிரக் கூடாது."

சிவப்புப் பேனாவோடுதான் ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே ஒரு பிழை இருந்தது, சந்தோஷமாகத் திருத்தினேன். மூன்றாவது வரிக்கு அப்புறம் பேனா நின்றுவிட்டது.

அவள் எழுதியிருந்தது இதுதான். எட்டாவது படிக்கும்போது கணக்கில் ஃபெயில். வாத்தியார் அவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார். பல மாதம் கணக்கு வகுப்பென்றால் அவளுக்கு வராந்தாதான். வாத்தியார் குரல் சுவர் தாண்டிக் கேட்கும், போர்டு தெரியாது. ஆகையால் அவர் சொல்லச் சொல்ல, போர்டை அவளே மனசுக்குள் வரைந்துகொண்டாளாம். வட்டம், கோடு, கோணம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு. வருஷக் கடைசியில் வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்கு. கடைசி வரி: 'வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பேசுகிற டீச்சராக ஆக விரும்புகிறேன். அதோடு, யாரையும் வராந்தாவில் உட்காரவைக்க மாட்டேன்.'

கடலை வறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஃபரீதா என் முகத்தையே பார்த்தாள்.

"ரொம்பத் தப்பா இருக்கா?"

"இல்ல. ரெண்டு எடத்துல 'the' போடணும்" என்றேன்.

போட்டுக் கொடுத்தேன். நியாயமாக, ஒன்று விடாமல் எல்லாப் பிழைகளையும் திருத்தித்தான் கொடுத்தேன். ஆனால் பொன்மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு காந்தியது. ஃபெயிலானதற்காக ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து என் விளக்கையும் தோட்டத்தையும் கிழித்துப் போட்டேன். எனக்கும் ஏதாவது நடந்திருக்காதா என்று யோசித்தேன். எல்.கே.ஜி.யிலிருந்து முதல் ரேங்க். ஒரு டீச்சரும் என்னை அடித்ததில்லை. அடுப்படியில் போய் நின்றேன்.

"அம்மா, சின்ன வயசுல எனக்கு ஏதாச்சும் பெரிய கஷ்டம் வந்துச்சா?"

அம்மா ரசத்தை இறக்கிவைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தாள். "டான்சில்ஸ் வந்துச்சு."

"அதில்லம்மா. படிப்புல."

"படிப்புல உனக்கு என்னடி கஷ்டம்? எங்களுக்குத்தான் கஷ்டம். காலைல நாலு மணிக்கே எழுந்து லைட்டப் போட்டுட்டு ஒருத்தரயும் தூங்கவிட மாட்ட."

இதை வைத்து என்ன எழுதுவது? உப்பிலியபுரத்தில் அத்தை வீடு இருந்தது. அங்கே லீவுக்குப் போனபோது ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அங்கே நான் செய்ததெல்லாம் டி.வி. பார்த்தது மட்டும்தான். கடைசியில், கணக்கு எனக்குப் பிடிக்கும், பிடித்ததைப் பிறருக்குச் சொல்வதும் பிடிக்கும் என்று எழுதி அனுப்பினேன். உண்மைதான். ஆனால் உண்மை இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு பேரையும் ஒரே நாளில் டெமோ கிளாஸுக்குக் கூப்பிட்டார்கள். அதாவது நேர்முகத்துக்கு முன்னால், நிஜமான பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரே பஸ்ஸில் போனோம். காவிரிப் பாலம் தாண்டும்போது நான் என் குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஃபரீதா ஜன்னலில் தலையை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கினதும், நேரம் இருக்கிறது, சுற்றி நடந்து போகலாம் என்றாள். கீழச் சித்திரை வீதியில் தேர் நின்றிருந்தது, தகரம் போட்டு மூடி. அதன் சக்கரத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். சக்கரம் அவளைவிட உயரம்.

"இதைத் தெரு மூலைல எப்படிப்பா திருப்புவாங்க?"

"கயிறு கட்டி இழுப்பாங்க" என்றேன். எனக்கு என் குறிப்புகள் பெரிது.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். எனக்கு வகுப்புக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டார்கள். ஆமாம், வராந்தாவில்தான். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பின் பெஞ்சில் பிரின்சிபால் மேடம். முக்கோணத்தின் வெளிக்கோணங்கள் மூன்றும் சேர்ந்தால் 360 டிகிரி, இதுதான் ஃபரீதாவுக்குக் கொடுத்த பாடம். முதலில் ஆங்கிலத்தில் தடுமாறுவது கேட்டது. அப்புறம் ஒரு நிமிஷம் அமைதி. போச்சு என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது.

அப்புறம் தமிழில் அவள் குரல் வந்தது.

"நான் உங்க ஊர்த் தேர் ஓடிப் பாத்ததில்ல. நீங்க பாத்திருப்பீங்க. மூலைக்கு வந்தா என்ன ஆகும்?"

"முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவாங்க மிஸ்!" வகுப்பே கத்தியது.

"நாலு மூலைலயும் திருப்பி நிலைக்கு வந்தப்புறம் தேர் எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

"கெளம்புனப்ப பாத்த பக்கமே மிஸ்!"

"அப்ப மொத்தமா எவ்ளோ திரும்பிருக்கு?"

"ஒரு முழுச் சுத்து!"

"சரி. இப்ப உங்க ஊர்ல தெரு மூணுதான்னு வச்சுக்கங்க. முக்கோணமா இருக்கு. மூணே மூலைதான். தேர் சுத்தி வந்து அதே மாதிரி நிக்குது. இப்ப எவ்ளோ திரும்பிருக்கும்?"

யாரோ ஒரு பெண் மெதுவாக, "மிஸ்... அதே முழுச் சுத்துதானே மிஸ்?" என்றாள். அதற்குப் பிறகு எழுந்த கூச்சல் இருக்கிறதே, அப்படி ஒரு கூச்சலை என் வகுப்பில் நான் இன்றுவரை கேட்டதில்லை.

எனக்கு முக்கோணம் தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது, போர்டு தெரியவில்லை, ஆனால் மூன்று தெருவும் மூன்று மூலையும் அதில் மெதுவாகத் திரும்புகிற தேரும் எனக்கு அப்படியே தெரிந்தன. பல வருஷமாகச் சூத்திரமாக வைத்திருந்த ஒன்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குப் பட்டது மாதிரி நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை.

என் முறை வந்தது. நல்ல ஆங்கிலத்தில், எழுதிவைத்திருந்ததை ஒரு சொல் பிசகாமல் நடத்தினேன். பிள்ளைகள் அமைதியாக, மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை எனக்குக் கிடைத்தது.

சேர்ந்த அன்று பிரின்சிபால் மேடம் தன் அறையில் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்க கிளாஸ் கரெக்டா இருந்துச்சு. அந்தப் பொண்ணு எழுதுனதப் படிச்சிட்டு எனக்கு அழுகையே வந்துருச்சு. கிளாஸும் பிரமாதம். ஆனா இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல கணக்கு மிஸ் தமிழ்ல பேசுனா பேரன்ட்ஸ் விடமாட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கரெக்ட். வேலை உத்தரவைக் கையில் வாங்கும்போதே அந்த ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தோற்றவளைப் பற்றி இவ்வளவு, ஜெயித்தவளுக்கு ஒரு சொல்.

ஃபரீதாவிடம் சொல்லப் பாலக்கரைக்குப் போனேன். சங்கடப்படுவாள், அழுவாள், நான் தேற்றுவேன் என்று வழியெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்! ஒருத்திக்காச்சும் கெடச்சுச்சுல்ல!" என்று எழுந்து உள்ளே ஓடி, ஈரக்கையோடு சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து என் வாயில் அள்ளிப் போட்டாள். சர்க்கரை முகமெல்லாம் ஒட்டியது. அதிலும் அவள்தான் ஜெயித்தாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் சிரித்த சிரிப்பில் எங்காவது ஒரு இடத்தில் கோணல் இருக்காதா என்று பார்த்தேன். இல்லை.

அதற்குப் பிறகு அவள் பாலக்கரையிலேயே ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். நான் ஸ்ரீரங்கத்தில். என்னுடைய ஆரம்ப வருஷங்கள் முழுவதும் அவளை எதிரில் நிறுத்திவைத்துத்தான் பாடம் நடத்தினேன். ஒரு பாடத்தைத் தயார் செய்தால், இதை அவள் எப்படிச் சொல்வாள் என்று கேட்டுக்கொள்வேன். கிடைக்கிற பதில் கேள்வியைவிட எரிச்சலாக இருக்கும். கிழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அந்தத் தேர் உதாரணத்தை ஒருதரம் நானும் சொல்லிப்பார்த்தேன், ஆங்கிலத்தில். "மிஸ், தேர்னு சொல்லலாமா மிஸ்? சேரியட்னா சினிமால வர்றது மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு நாலு பேர் என்னை நல்ல டீச்சர் என்கிறார்கள் என்றால், அது அந்தப் பொறாமை படிக்கவைத்த படிப்பு.

ஸ்ரீரங்கத்துப் பள்ளியைப் பிறகு யாரோ வாங்கிப் பேர் மாற்றினார்கள். நானும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கு மாறிவிட்டேன். சத்திரத்தில் அந்தச் சந்து இருக்கிறது, ஜெராக்ஸ் கடை இல்லை. கடலைக் கடையும் இல்லை. அவற்றுக்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படவில்லை.

திவ்யா வந்துபோன மறுநாள் ஃபரீதாவைப் பார்க்கப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளியை விட்டுவிட்டு, பெரிய கடைவீதிக்குப் பக்கத்தில் துணிக்கடை போட்டிருக்கிறாள். ரொம்ப நாளாகப் போன் பேச்சோடு நின்றுபோன சிநேகிதம். கடை நிறையக் கூட்டம். கல்லாவில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். டீ வந்தது, சமோசா வந்தது. நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு டெமோ கிளாஸ் போன கதையை ஆரம்பித்தேன்.

"அங்க போனோம்ல, ஞாபகம் இருக்கு. செம வெயிலு. நான் என்னா பாடம் எடுத்தேன்?"

சொன்னேன். தெருவையும் மூலையையும் பிள்ளைகள் கத்தினதையும் எல்லாம் சொன்னேன்.

"நானா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "சுத்தமா மறந்துபோச்சுப்பா. கணக்கெல்லாம் இப்ப எங்க! எம் பொண்ணு சந்தேகம் கேட்டா, போய் ஃபோன்ல பாருடின்னுடுவேன்."

"திரும்பப் போகணும்னு தோணவே இல்லயா?"

"எதுக்கு? இங்க நான் நல்லாத்தான் இருக்கேன் புள்ள."

நன்றாகத்தான் இருக்கிறாள். அதில் பொய் எதுவும் இல்லை. கிளம்பும்போது ஒரு துப்பட்டாவை மடித்து என் பைக்குள் திணித்தாள். யாரோ விலை கேட்டார்கள், அவள் திரும்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து நான் வழக்கம்போல எனக்குள் தேடிப்பார்த்தேன். அவள் கடை, அவள் கூட்டம், அவள் சிரிப்பு. ஒன்றின்மேலும் எனக்குப் பொறாமை வரவில்லை. நான் இத்தனை வருஷம் யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேனோ அந்த டீச்சர் எப்போதோ போய்விட்டாள். அவளுக்கே அவளைத் தெரியவில்லை. ஸ்டாப் வந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து, மறுநாள் பாடத்துக்காகப் புத்தகத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். இதை அவள் எப்படிச் சொல்வாள் என்று கேட்டுக்கொள்ள எதிரில் யாரும் இல்லை. வெகுநேரம் ஒன்றும் எழுத ஓடவில்லை.