வீட்டு வரவை

எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற பலர் இப்படிச் செய்வார்கள். விற்கிற நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். வரம்பு சூழ்ந்த ஒரு சின்னத் துண்டை, ஒரு வரவையை, மட்டும் மருந்தில்லாமல் விட்டுவிடுவார்கள். அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. சம்மாந்துறையில் எங்களுக்கிருக்கும் வயலிலும் அப்படியொரு வரவை உண்டு. நான் கல்முனையில் ஆசிரியர். என் பிள்ளைகள் நஞ்சில்லாத சோறு தின்கிறார்கள் என்ற நிம்மதியை அந்தத் துண்டு நிலம்தான் எனக்குத் தந்திருந்தது.

போன போகத்தில் இளைய மகளும் என்னோடு வயலுக்கு வந்தாள். வீட்டு வரவையின் வரம்பில் பொன்னாங்காணி செழித்துக் கிடந்தது. மடி நிறையப் பிடுங்கினாள். அவளுடைய உம்மா சுண்டிக் கொடுத்த கீரையில் பெரும் பங்கு அவள் பீங்கானுக்குத்தான் போனது. அவளுக்கு அவ்வளவு பிரியம். அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்கு, முன்னரே சத்தி எடுக்கத் தொடங்கினாள். வாயிலிருந்து நீர் வடிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பூச்சிமருந்து பட்டதா என்று கேட்டபோது, "அந்த வரவைக்கு மருந்தே அடிக்கிறல்ல" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அல்லாஹ் அவளைத் திருப்பித் தந்தான்.

மேல் வயல்காரர் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. தோடம்பழங்களோடு பார்க்க வந்தார். "முந்தின நாள் நான் மருந்தடிச்சது உண்மதான் தம்பி. உங்கட பக்கம் ஒரு சொட்டும் அடிக்கல்ல."

"காத்துக்கு உங்கட பக்கம், எங்கட பக்கம் தெரியுமா காக்கா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு கடைகளில் அரிசிப் பக்கற்றுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். ஹலால் முத்திரை தேடிப் பழகிய கண் எனக்கு. பச்சை இலைப் படமே போதுமென்று முதலில் எண்ணினேன். சிலவற்றில் 'இயற்கை' என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தது. சிலவற்றில்தான் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் இருந்தன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அறிய, சான்றிதழுக்காக வயல்களைப் பரிசோதிக்கும் ஒருவரை விசாரித்துப் பிடித்து, எங்கள் வரவைக்கு அழைத்துப் போனேன்.

அவர் நெற்கதிரைத் தொட்டும் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேலே யாருடைய வயல், முந்திய போகங்களில் என்ன போட்டீர்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இதுக்குச் சேட்டிபிக்கட் தர ஏலா சேர். பக்கத்து வயலுக்கும் இதுக்கும் இடைவெளி வேணும். இந்தத் தண்ணியும் சரிவராது. அதெல்லாம் சரிப்படுத்தினாலும், மருந்தில்லாம சில வருசம் போகணும்" என்றார்.

காக்கா சத்தம் கேட்டு வரம்புக்கு வந்திருந்தார். "அப்ப தம்பிக்குச் சேட்டிபிக்கட் கிடைக்க, நான் வயலச் சுருட்டிக்கிட்டு அக்கரைப்பற்றுக்குப் போகணும் போல!"

பரிசோதிக்க வந்தவர் சிரிக்கவில்லை. "உங்கட வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்த வரவை?" என்று கேட்டார்.

காக்கா கையை நீட்டிக் காட்டினார். அதற்கு மேலே இன்னொருவரின் வயல். அங்கிருந்து வடிகிற தண்ணீர் நேரே காக்காவின் வீட்டு வரவைக்குள் விழுந்துகொண்டிருந்தது. நீட்டிய கையை அவர் மெதுவாக இறக்கினார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாங்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு விற்று வந்திருக்கிறோம். இப்போது நான் சான்றிதழ் உள்ள அரிசியை வாங்குகிறேன். யாரோ ஒரு விவசாயி, என் மகளை அறியாமலே, தன் வயல் முழுவதையும் வீட்டு வரவையாக வைத்திருக்கிறார் என்பதற்கு அந்த முத்திரை ஒரு சாட்சி. சாட்சியும் பிழைக்கலாம் என்ற பயம் எனக்கு இல்லாமலில்லை.

இந்தப் போகம் காக்காவும் நானும் பொது வரம்பின் இருபுறமும் மருந்தடிக்கவில்லை. பொன்னாங்காணி மறுபடி தளிர்த்திருக்கிறது. போன கிழமை மகள் அதனருகே குந்தியிருந்து கேட்டாள்.

"வாப்பா, இது இப்ப தின்னலாமா?"

நான் நிமிர்ந்து, காக்காவுடையதற்கும் மேலே இருந்த மூன்றாவது வயலைப் பார்த்தேன்.

"பொறு மகள்," என்றேன். "அவரோடயும் கதைச்சுப் போட்டு வாறன்."