சந்தனம் வைத்த கீபோர்டு

எண்பதுகளின் கடைசியில், அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு சிமென்ட் ஆலையின் நிர்வாக அலுவலகத்தில் நான் சூப்பிரண்டாக இருந்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். விடுப்பு விதி, பயணப்படி விதி, தண்டனை விதி எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனாலேயே யாரும் என்னோடு டீ குடிக்க வரமாட்டார்கள்.

அந்த வருடம்தான் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏ.சி. போட்ட தனி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதை இயக்கத் தற்காலிகமாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். உடையார்பாளையத்துப் பெண். தாயார் முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலி வேலை, தகப்பனார் இல்லை. அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மேனேஜரின் கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. அதை வைத்தவன் நான்.

ஆயுத பூஜை வந்தது. லேத் மெஷினுக்கும் லாரிக்கும் பொட்டு வைக்கும்போது கம்ப்யூட்டரை மட்டும் விட முடியுமா? மேனேஜரே சூடம் காட்டினார். "ஏம்மா, நீதான் வைக்கணும்" என்று சந்தனக் கிண்ணத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தவரும் அவர்தான். அவள் திரைப்பெட்டிக்கு மூன்று, கீபோர்டின் விளிம்பில் மூன்று என்று பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டாள். எல்லோரும் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலையில் கம்ப்யூட்டர் பேதலித்துப்போயிருந்தது. ஒய் அடித்தால் இசட் விழுந்தது. இசட் அடித்தால் ஒய். கோடு போட்டால் வால் முளைத்த ஏதோ ஓர் எழுத்து. ஓரிடத்தில் ஆங்கில ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வந்து உட்கார்ந்தது. அணைத்துப் போட்டாலும் அதே கதை.

அக்கவுண்ட்ஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டு உள்ளாற எறங்கிடுச்சு சார், எழுத்துக்கே வச்சு விட்டுருக்கு பாருங்க" என்றார். சிரிப்பு கிளம்பியது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். "ஏம்மா, மெஷினுக்குச் சந்தனக்காப்பே சாத்திட்டியா?"

"இல்லைங்க சார், விளிம்புலதான் வச்சேன். கட்டிச் சந்தனம் சார், தண்ணியாக்கூட இல்ல."

"அப்புறம் எப்படி கெட்டுது? நான் வந்து கெடுத்தேனா?"

கிண்ணத்தைக் கொடுத்தது யார் என்று அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. என்னையும் சேர்த்து.

மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கவனக்குறைவால் ஆலையின் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவளுக்கு மெமோ தயாரிக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் போக வேண்டும். அவளை நிரந்தரமாக்கும் கோப்பை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் கையெழுத்து இல்லை.

தற்காலிக ஊழியருக்கு மெமோ போனால் என்ன ஆகும் என்பதை எந்த விதியிலும் தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அவளை வர வேண்டாம் என்பார்கள். காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வாய்ச்சண்டை வராது. விதிதான் வரும். "சார், சொத்துச் சேதம்னு எழுதினா, சேதம் என்னன்னு டெக்னிகல் ஆள்கிட்ட அபிப்பிராயம் வாங்கிச் சேர்க்கணும். இல்லைன்னா ஆடிட்ல நம்மளைக் கேப்பாங்க" என்றேன். ஆடிட் என்ற சொல்லுக்கு அவர் எப்போதும் பணிவார். "போன் போட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திருச்சியில் இருந்த சர்வீஸ் இன்ஜினீயருக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். அப்போது வெளியூருக்குப் பேச டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேனேஜர் சாப்பாட்டை முடிப்பதற்குள் லைன் கிடைக்க வேண்டும். அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஈரமில்லாத துணியால் அந்தப் பொட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவை எப்போதோ போய்விட்டிருந்தன.

ஒருவழியாக மணி அடித்தது. போன் மேனேஜர் அறையில். கம்ப்யூட்டர் அடுத்த அறையில். இரண்டு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு, கோளாறைக் கேட்டுக்கொண்ட இன்ஜினீயர் சொல்வதை நான் கத்தினேன், அவள் அடித்தாள்.

"கே, ஈ, ஒய், பி. ஒரு எடம் விட்டு யு, எஸ். என்டர் தட்டச் சொல்லுங்க சார்."

தட்டினாள். "தப்பான கமாண்டுன்னு வருதுங்க சார்" என்று அங்கிருந்து குரல் வந்தது. மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடியும் அதுவே.

"அப்ப உள்ள போர்டு போயிருக்கும் சார். அடுத்த வாரம் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

அடுத்த வாரம் அவர் வந்து எதைப் பார்த்தாலும் மெமோ அன்று சாயங்காலமே போய்விடும். போர்டு போயிற்று என்பதுதான் நான் கேட்டு வாங்கிய டெக்னிகல் அபிப்பிராயம். அதைக் கோப்பில் சேர்க்க வேண்டியவனும் நான்தான்.

அதற்குள் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "டைம் முடிஞ்சுதுங்க. லைனுக்கு ஆளுங்க காத்திருக்காங்க, கட் பண்ணிரட்டுங்களா?"

"கட் பண்ணிடாதீங்கம்மா. இங்க ஒரு பொண்ணு வேலை இதுல தொங்குது" என்றேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை.

"பேசுங்க சார்" என்றாள்.

இன்ஜினீயர் போய்விட்டாரோ என்று பயந்தேன். இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், "நீ அடிச்சது திரையில எப்படி விழுந்திருக்கு, ஒண்ணொண்ணா சத்தமாப் படிம்மா" என்று கத்தினேன்.

"கே... ஈ... இசட்... பி..."

அவள் குரல் போன் வழியாகத் திருச்சிவரை கேட்டிருக்க வேண்டும். "நான் ஒய் அடிக்கச் சொன்னேனே சார்?"

"ஒய்தான் அடிச்சா. இங்க ஒய் அடிச்சா இசட்தான் வரும்னு முதல்லயே சொன்னேனே."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "என் புத்தி. அந்த கமாண்டுலயே ஒய் இருக்கே. ஒய்க்குப் பதிலா இசட்டை அடிக்கச் சொல்லுங்க."

அடித்தாள். இந்த முறை திரை எதிர்த்துப் பேசவில்லை. ஒய் ஒய்யாகவும் இசட் இசட்டாகவும் விழுந்தன. கோடு கோடாகவே வந்தது. அவள் அந்த இரண்டு எழுத்துகளையே திரை முழுக்க அடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்தைப் பழைய வரிசைக்குத் திருப்புற கமாண்டுதான் சார் அது. வெளிநாட்டுக்காரங்க யாராச்சும் இதுல உக்காந்தாங்களா சார்?" என்றார் இன்ஜினீயர்.

உட்கார்ந்திருந்தார். சூளையைச் சரிபார்க்க வந்திருந்த ஜெர்மன்காரர், பூஜை முடிந்து நாங்கள் பொரியோடு கிளம்பியபின் தன் அறிக்கையைத் தட்டச்சு செய்தார். தன் ஊர் கீபோர்டில் எழுத்துகள் இருக்கும் வரிசைக்கு மெஷினை மாற்றிக்கொண்டு, அதைப் போடும்போதெல்லாம் அப்படியே வரும்படி ஒரு வரி எழுதியும் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். அந்த ஒரு வரியையும் இன்ஜினீயர் சொல்லச் சொல்ல அவள் நீக்கினாள். அணைத்துப் போட்டோம். சரியாக இருந்தது.

போனை வைக்கப் போகையில் எக்ஸ்சேஞ்ச் பெண் மெதுவாகக் கேட்டாள். "சரியாயிடுச்சுங்களா சார்?"

"ஆயிடுச்சும்மா."

"அப்ப சரி" என்று துண்டித்தாள். அவள் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் வெற்றிலையோடு திரும்பிவந்து கேட்டுக்கொண்டார். "அப்படியா" என்றார். ஜெர்மன்காரருக்கு யாரும் மெமோ அனுப்பவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் அறைக்குள் இனிச் சந்தனம் குங்குமம் கொண்டுபோகக் கூடாது என்று மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏதாவது ஒரு நடவடிக்கை இருந்தால்தானே கோப்பை முடிக்க முடியும். அந்தப் பெண்ணின் கோப்பில் கையெழுத்து வாங்க எனக்கு அதற்கு மேலும் சில நாள் நடக்க வேண்டியிருந்தது. வாங்கினேன்.

அன்றைக்கு அந்த லைன் பாதியில் துண்டிக்கப்பட்டிருந்தால், மெமோ என் கையாலேயே தயாராகிச் சாயங்காலம் அவளிடம் போயிருக்கும். நடைமுறைப்படி அதில் ஒரு குறையும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பின்பும் எனக்குப் பயமாக இருக்கிறது.