எண் போடாத கடிகாரம்

“பத்து பத்தா? முடியாது. அது கடைக்காரன் நேரம். உங்க நேரம் என்ன, அதச் சொல்லுங்க.”

வாலிபர் நீட்டிய கைபேசியை மணியக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளுகிறார். பச்சை குத்திக்கொள்ள வருபவர்கள் இணையத்திலிருந்து எடுத்துவரும் கடிகாரப் படங்களில் முக்கால்வாசி பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டுகின்றன. விளம்பரத்தில் கடிகாரம் சிரித்த முகமாகத் தெரியட்டும் என்று முட்களை அப்படி வைப்பார்களாம். “விக்கிறவன் வெச்ச நேரத்த நீங்க ஏன் ஆயுசுக்கும் சுமக்கணும்?” என்கிறார். வாலிபர் தலையைச் சொறிந்தார். வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். கைக்கு வந்த வாடிக்கையாளரை இப்படி வழியனுப்பிவைக்கும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடிகாரப் பச்சைகள், அவற்றின் மாதிரிகள், அவற்றுக்கு என்ன பொருள் என்று இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்லி எங்கள் பத்திரிகை ஆசிரியர் அனுப்பியிருந்தார். ஊசி என்றாலே எனக்குப் பயம். ஒரு மணி நேரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் போனேன். மூன்று நாள் அங்கேயே பழியாய்க் கிடந்தேன்.

கடை, பல் மருத்துவர் அறைக்கு அடுத்த கதவு. வீங்கிய கன்னத்தோடு கதவு மாறி வருபவர்கள் உண்டு. உள்ளே இயந்திரம் ரீங்கரிப்பதைக் கேட்டு, சரியான இடம்தான் என்று அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா அவர்களைத் தோளைத் தொட்டு எழுப்பி அடுத்த கதவில் விட்டுவிட்டு வருவார். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில், தலைமுடி ஒரு பென்சிலில் சுருட்டிய கொண்டை. அந்தப் பென்சிலைத் தேடி நாளுக்கு நாலு தடவை மேசையைப் புரட்டிப்போடுகிறார்.

இதற்கு முன் வண்டிகளுக்கு எண் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். “நம்பர் தப்பா எழுதினா போலீஸ்காரன் புடிப்பான். மணிய தப்பாக் குத்துனா என் மனசாட்சி புடிக்கும். ஒம்போது வருஷத்துல ஒரு நிமிஷம் தப்புனதில்ல சார், எழுதிக்கோங்க” என்றார். எழுதிக்கொண்டேன். முதல் நாள் இரண்டு தடவை, இரண்டாம் நாள் மூன்று தடவை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

தொழில் பழகியதெல்லாம் கணவரின் காலில். அந்த மனிதர் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தபோது, கேட்காமலேயே காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். முட்டை வடிவில் ஒரு கடிகாரம், பதின்மூன்று கோடு போட்ட ஒரு கடிகாரம். “கல்யாணத்துல எனக்குக் கெடச்சது இதுதான்” என்றார். அக்கா இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னொரு கால் காலியாத்தான் இருக்கு” என்றார். அவர் காற்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். முள்ளே இல்லாத கடிகாரம் என்றால் காலம் கடந்த நிலை, முடிவின்மை என்றெல்லாம் நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். அக்காவிடம் அதைக் குத்திக்கொண்டவர் முப்பத்தோரு வருடம் ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்தவர். ஓய்வுபெற்ற மறுநாள் வந்து, “இனிமே என்ன எவனும் மணி கேக்கக் கூடாது” என்றாராம். கண்ணாடி நொறுங்கிய கடிகாரம் துக்கத்துக்கு என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்டு வந்த செவிலிக்கு அது விவாகரத்துத் தீர்ப்பு வந்த நேரம். “ஒடஞ்சாலே சோகமா சார்? கதவ ஒடச்சிட்டு வெளிய வர்றதில்லையா?” என்று அக்கா என்னையே மடக்கினார். நாலு நிமிட வித்தியாசத்தில் பிறந்த இரட்டைச் சகோதரிகள் ஆளுக்கொரு கடிகாரம் குத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். மூத்தவள், சண்டை வரும்போதெல்லாம் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுகிறாளாம். சரி, கடிகாரத்தோடு சேர்த்து ரோஜாப்பூ போடுகிறார்களே, அதற்கு? “காலி எடத்த ரொப்ப.”

எண்களை மட்டும் அவர் சிறிய கடிகாரங்களில் போடுவதில்லை. மை தோலுக்குள் மெல்லப் பரவுமாம். “எண்ணு போட்டா பத்து வருஷத்துல எறும்பு மொய்ச்ச மாதிரி ஆயிடும். கோடு போதும். முள்ளு நேரத்தச் சொல்லிட்டுப் போகுது.” வருகிறவர்களையும் அப்படியே சம்மதிக்க வைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் மதியம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் இங்கே பச்சை குத்திக்கொண்டவர். சட்டைப் பித்தான்களைக் கழற்றி, கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே மார்பிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். வட்டம், பன்னிரண்டு கோடு, இரண்டு முள்.

“அக்கா, இவ பொறந்த நேரம்னு சொல்லித்தானே குத்தச் சொன்னேன். நான் சொன்னது நாலு நாப்பதுதானே?”

மகள் பள்ளியில் இப்போதுதான் மணி பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கண்ணில் படும் கடிகாரத்தையெல்லாம் வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, சட்டையில்லாமல் படுத்திருந்த அப்பாவின் மார்பை வாசித்து, ஏழு இருபது என்றிருக்கிறாள். இல்லை, நாலு நாற்பது, சரியாகப் பார் என்று இவர் அதட்டியிருக்கிறார். அப்போது சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்திருக்கிறது.

“‘கொழந்தையத் திட்டாதீங்க. ஆறு வருஷமா அது ஏழு இருபதுதான் காட்டுது. பிரசவத்தன்னைக்கு வேலைய விட்டு வரல, அப்புறம் எப்படித் தெரியும்னு நானும் வாயத் தொறக்கல’ன்னு சொல்றாக்கா. கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. அழுதா. நான் தெனமும் சவரம் பண்றப்போ பாக்குறேன், எனக்கு நாலு நாப்பதாத்தான் தெரியுது. நான் என்ன நேரம் சொன்னேன்னு நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

நான் எட்டிப் பார்த்தேன். ஏழு இருபது. அவருக்குப் பின்னாலிருந்த சுவர்க் கண்ணாடிப் பக்கம் அவரைத் திரும்பச் சொல்லி, கண்ணாடிக்குள் பார்த்தேன். நாலு நாற்பது. எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது. அவர் இரும்பு அலமாரியைத் திறந்து பழைய மாதிரித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு தாளை உருவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார். தாள் அவர் கையில். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ‘நீங்க ஏழு இருபதுன்னுதான் சொன்னீங்க’ என்று சொல்லி அதை உள்ளே செருகிவிட்டால், கேட்க நாதியில்லை. ஒன்பது வருடப் பெயர் அப்படியே இருக்கும். இந்த மனிதர் மட்டும் மகள் பிறந்த நேரம் தெரியாதவராக வீட்டுக்குப் போவார். அக்கா அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது நிஜம்.

அக்கா திரும்பிவந்து, சிறுமிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“பாப்பா, நீ வாசிச்சது சரி. உங்கப்பா சொன்னதும் சரி. தப்புப் பண்ணது நான்.”

தாளின் மூலையில், எண் பலகை எழுதிய அதே பளிச்சென்ற கையெழுத்தில் 4.40 என்றிருந்தது. படத்தை ஊதா மையில் தோலில் ஒற்றியெடுக்கும்போது தாள் பக்கம் மாறியிருக்கிறது. எண்கள் இருந்திருந்தால், குத்தும்போதே இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். வெறும் கோடும் முள்ளும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒரு நேரத்தைச் சரியாகவே காட்டும். “ஒட்டுன ஒடனே உங்களக் கண்ணாடியில பாக்கச் சொன்னேன். நீங்க சரின்னீங்க. நானும் உங்க தோளுக்குப் பின்னால நின்னு கண்ணாடியிலதான் பாத்தேன். எண்ணு வேணாம்னு சொன்னதும் நான்தான்.” அவர் குரல் ஒடுங்கியிருந்தது.

மெக்கானிக்கின் கைபேசியை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, அக்காவே அவர் மனைவியை அழைத்தார்.

“தங்கச்சி, நான் பச்சை குத்துற கடையிலேருந்து பேசுறேன். உங்க வீட்டுக்காரர் நாலு நாப்பதுன்னுதான் சொன்னாரு. என் கையால எழுதி வெச்சிருக்கேன். தாளத் திருப்பி ஒட்டுனது நான். நீங்க அவரு மேல வெச்சிருக்கற கோவத்த எடுத்து என் மேல வெச்சிருங்க.”

மறுமுனையில் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

“அவரு இன்னும் சாப்பிடல” என்றது அந்தக் குரல். “அனுப்பி வைங்க.”

மெக்கானிக் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மார்பின் இன்னொரு பக்கத்தில் சரியான கடிகாரம் காசில்லாமல் குத்தித் தருவதாக அக்கா சொன்னார். அவர் பித்தான்களைப் போட்டுக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினார். “அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. போதும்க்கா.” சிறுமிக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. “அப்ப நான் எத்தன மணிக்குத்தான் பொறந்தேன்?” என்றாள். அப்பாவும் அக்காவும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். தாளைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார் அக்கா.

அவர்கள் போனபின் என்னிடம் அவர் எதையும் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. மிச்சத் தாள்களை மேசையில் கொட்டி, கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஆளே குனிந்து பார்த்துக்கொள்ளக்கூடிய இடங்களை ஒதுக்கினார். மார்பிலும் முதுகிலும் குத்தியவற்றில் எண் போடாதவை மட்டும் தனியே சேர்ந்தன. பதினொன்று. முதல் தாளிலிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தார்.

“எங்கிட்ட முதுகுல கடிகாரம் குத்திக்கிட்டீங்க, ஞாபகம் இருக்கா? ஒரு உதவி பண்ணணும். கண்ணாடிகிட்டப் போக வேணாம். வீட்டுல யாரு இருக்கா? தம்பியா? அவரப் பக்கத்துல கூப்பிட்டு, அது என்ன மணி காட்டுதுன்னு கேட்டுச் சொல்லுங்க.”

தாளின் மூலையில் எழுதியிருந்த நேரத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, மணியக்கா காத்திருந்தார்.