பொழுது சாய்ந்தால் நிற்கும் மோட்டார்

வெங்காயம் காய் திரளும்போது இரண்டு தண்ணி தவறினால் போதும், தாள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வரும். போன தை மாசம் என் காட்டில் அப்படித்தான் வெளுத்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரப்பில் உட்காருவேன், எழுந்து மோட்டார் கொட்டாய் வரை போவேன், மோட்டார் ஓடாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். சோறு இறங்கவில்லை.

எங்கள் காடு பூலாம்பாடிக்குத் தெற்கே இருக்கிறது. கிணறு ஒன்று, பங்கு இரண்டு. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது மாமனார் தண்ணிக்கு முறை வைத்தார். விடிந்ததிலிருந்து கிணறு வற்றும்வரை மூத்தவர் இறைக்கலாம். அப்புறம் ஊத்து ஊறி வருகிற தண்ணி இளையவருக்கு. ஊத்து ஊறுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். வீட்டுக்காரர் தவறிப்போனபிறகு நான்தான் பயிர் வைக்கிறேன். இன்றைக்கும் என் மடைக்குத் தண்ணி வருவது பொழுது சாயும் நேரத்தில்தான். கரண்டு கனெக்ஷன் மட்டும் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், பெயரில் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கனெக்ஷன் யார் பெயரில் என்று பார்த்து, மூத்தாரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். லைனில் இழுப்பு அதிகமானால் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே மோட்டாரை நிறுத்துவார்களாம். நிறுத்த விட்டதற்கு கனெக்ஷன்காரருக்கு ஏதோ பணம் கொடுப்பார்களாம். நான் அன்றைக்கு களை எடுத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் போய் நிற்கவில்லை.

அதிலிருந்து, நான் சுவிட்ச் போட்டுத் தண்ணி ரெண்டு பாத்தி பாய்வதற்குள் மோட்டார் நின்றுவிடும். இருட்டினபிறகுதான் மறுபடி ஓடும். இருட்டில் பாம்புக்குப் பயந்து நான் காட்டில் நிற்பதில்லை.

மகன் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். போனில் கேட்டேன்.

"ஏன்டா, நம்ம ஒரு மோட்டார நிறுத்தி அவங்களுக்கு என்னடா ஆவப்போவுது?"

"நம்மளுது மட்டுமா? சுத்துப்பட்டுக் கெணறு பூரா நிறுத்துறாங்கம்மா. பகல்ல வெயில் கரண்டு கொட்டிக் கெடக்கு. பொழுது போனா அது நின்னுடும். அப்பதான் எல்லா வூட்லயும் லைட்டு, டிவி, கிரைண்டருன்னு போடுவாங்க. லைன் தாங்காது. எங்க ஆலையிலயே அந்த நேரத்துக்கு அரவை மில்ல நிறுத்த முடியுமான்னு கேக்குறாங்க. யாரு கம்மி வெலைக்கு நிறுத்துறேங்குறாங்களோ அவங்ககிட்ட வாங்கிக்குவாங்க."

"ஓடுறதுக்கு வெல கேட்டுருக்கேன். நிக்கிறதுக்குமா வெல?"

"சந்தை மாதிரிதாம்மா."

"அப்ப என் வெங்காயத்த யாருடா சந்தைக்குக் கொண்டுபோனது?"

"பெரியப்பாகிட்ட சொல்லும்மா" என்றான்.

சுலபமாகச் சொல்லிவிட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தார் எதிரில் நின்று நான் பேசியதில்லை. அவர் வந்தால் ஒதுங்குவேன். சொல்ல வேண்டியதை அவர் மனைவியான என் ஓரகத்தியிடம் சொல்வேன், அவர் கிட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். அவரும் அவளிடம்தான் எனக்குப் பதில் சொல்வார். ஓரகத்தியிடம் சொல்லி அனுப்பினேன். "நேரம் பாத்துச் சொல்றேன்டி" என்றாள். அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

சப்ஸ்டேஷன் ஓரத்தில் லாரிப் பெட்டி மாதிரி பெரிய பெரிய பெட்டிகள் இறக்கியிருந்தார்கள். பகல் கரண்டைப் பிடித்து வைத்து சாயங்காலம் விடுகிற பேட்டரியாம். அது ஓட ஆரம்பித்தால் மோட்டாரை அவ்வளவாக நிறுத்தமாட்டார்கள் என்றான் மகன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வேலி போட்டார்கள், கல் கொட்டினார்கள். பேட்டரி ஓடவில்லை. வெங்காயத்திடம் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியுமா?

ஒரு நாள் மத்தியானம் பெட்டியைப் பார்க்க கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மூத்தார் கிணற்றடித் தொட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரகத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"பெட்டியால தொந்தரவு எதுவும் இருக்காங்கய்யா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"அக்கா, எனக்கு இருக்குன்னு சொல்லுக்கா" என்றேன்.

"அவளுக்கு இருக்காம்" என்றாள் ஓரகத்தி.

"என்னான்னு கேளு" என்றார் மூத்தார்.

"என்னாடி?"

"ஊத்து ஊறி நான் போடுற நேரத்துக்குப் பெட்டி நிறுத்திடுதுக்கா. வெங்காயம் வெளுக்குது."

"வெங்காயம் வெளுக்குதாம்."

"எனக்குக் காது கேக்குது" என்றார்.

அந்தப் பெண் இங்கேயும் அங்கேயும் திரும்பிப் பார்த்தாள். "ஐயா இங்கதான இருக்காரு? நேராவே சொல்லுங்களேம்மா."

"எங்க வூட்டுப் பழக்கம் அது, பாப்பா. நடுவுல நான் ஒரு போஸ்ட்மேன்" என்று ஓரகத்தி சிரித்தாள்.

ஒரே கிணற்றில் இரண்டு பேர் இறைப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கனெக்ஷன் கார்டில் ஒரு பெயர்தானே இருந்தது என்றாள். பெட்டியை இப்போது எடுக்க முடியாது, பேட்டரி எப்போது ஓடும் என்று தனக்கே தெரியாது என்றாள். "நீங்க நேரத்த மாத்திக்கலாமே. அம்மா காலையில, ஐயா சாயங்காலம்."

"அதெப்படி? அது எங்கப்பா வச்ச முறை" என்றார் மூத்தார்.

நான் மரத்தைவிட்டு முன்னால் வந்தேன். "மாமா முறை வச்சப்ப பெட்டி இல்ல. பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவங்க பொழுது சாஞ்சு எறைக்கட்டும்."

ஓரகத்தி அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அப்போதுதான் தெரிந்தது, நான் மூத்தாரைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன் என்று. அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பேசியது தப்போ, இனி அந்தக் கிணற்றுப்பக்கம் எந்த முகத்தோடு போவேனோ என்று ஒரே உளைச்சல்.

மறுநாள் விடிந்ததும் ஓரகத்தி வந்தாள். "மடையத் திருப்பிக்கச் சொன்னாரு. காய் எடுக்குற வரைக்கும் காலையில உனக்காம்."

ஓடினேன். மேட்டுப் பாத்திகள் காய்ந்து போயிருந்தன, அவை தேறவில்லை. மற்றதெல்லாம் குடித்தது.

காய் எடுத்து, அதைச் சேர்த்து வைக்கப் பட்டறையும் போட்டாயிற்று. அடுத்ததுக்கு நிலம் உழுது கிடக்கிறது. மூத்தாரின் சோளம் சாயங்காலத் தண்ணியில் அரைகுறையாக நிற்கிறது. சப்ஸ்டேஷன் ஓரத்துப் பேட்டரி இன்னும் ஓடவில்லை. இனிமேல் காலைத் தண்ணி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. முறை தெரியாமல் நான் எதை விதைப்பது? கேட்டுச் சொல்லச் சொல்லி நேற்று ஓரகத்தியிடம் போனேன்.

"நீயே கேளு. அதான் உனக்கு நல்லா பேச வருதே" என்றாள்.